நூறு வீடுகள் வந்தால் நகராட்சிக்கு லாபமா, நஷ்டமா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் ஒரு சிறு நகராட்சியின் திட்டக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். ஊரின் மக்கள்தொகை 10,000. ஊர் எல்லையோரம் இருக்கும் வயல் நிலத்தில் 100 வீடுகள் கட்ட ஒரு பில்டர் அனுமதி கேட்டிருக்கிறார். பில்டர் தரப்பு கொடுத்த நிதித் தாக்க ஆய்வு, அதாவது திட்டத்தால் நகராட்சிக்கு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்ற கணக்கு, "ஆண்டுக்கு 1,30,000 டாலர் உபரி" என்கிறது. நகராட்சி அமர்த்திய ஆலோசகரின் ஆய்வு "ஆண்டுக்கு 88,000 டாலர் பற்றாக்குறை" என்கிறது. இரண்டில் எது சரி, எதை நம்பி வாக்களிப்பது என்று கேட்கிறார்.

இரண்டு அறிக்கையிலும் கூட்டல் கழித்தலில் பிழையில்லை. வரவுப் பக்கம் இரண்டிலும் ஒன்றேதான். ஒரு வீட்டின் மதிப்பு 3,00,000 டாலர், உள்ளூர்ச் சொத்து வரி ஒரு சதவீதம், ஆக வீட்டுக்கு 3,000. அதோடு கட்டணங்களும் மற்ற வரவுகளும் சேர்ந்து வீட்டுக்கு 800. நூறு வீடுகளுக்கு ஆண்டு வரவு 3,80,000 டாலர். சண்டை எல்லாம் செலவுப் பக்கத்தில்தான்.

ஆலோசகர் செய்தது தலாச் செலவுக் கணக்கு. நகராட்சியின் பள்ளி சாராத செலவில் வீடுகளுக்கு உரிய பங்கு 60 லட்சம் டாலர். அதைப் பத்தாயிரம் பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 600. புதிதாக வரப்போகும் 280 பேருக்கு 1,68,000. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் 60 பேர், ஒரு பிள்ளைக்கு உள்ளூர்ப் பங்கு 5,000, ஆக 3,00,000. மொத்தம் 4,68,000. துண்டு விழுவது 88,000.

பில்டரின் ஆள் வேறு கேள்வி கேட்டிருக்கிறார். இந்த நூறு வீடுகள் வருவதால் உண்மையில் எந்தச் செலவு கூடும்? பள்ளியில் 90 இடங்கள் காலியாக இருக்கின்றன. 60 பிள்ளைகள் பன்னிரண்டு வகுப்புகளில் பரவினால் வகுப்புக்கு ஐந்து பேர். இரண்டு ஆசிரியர், ஒரு பஸ், புத்தகம் என்று 1,80,000 போதும். இருக்கும் தீயணைப்பு நிலையமே போதும், காவல் துறைக்கும் புதிதாக ஆள் வேண்டாம். தெரு பராமரிப்பு, குப்பை, பூங்காவுக்கு 70,000. மொத்தம் 2,50,000. மிச்சம் 1,30,000.

பொருளாதாரப் பாடத்தில் சராசரிச் செலவு, இறுதிநிலைச் செலவு என்று படித்திருப்பீர்களே, அந்த வித்தியாசம்தான் இது. மொத்தச் செலவை எல்லோருக்கும் வகுத்தால் வருவது சராசரிச் செலவு, புதிதாக வருபவர்களால் உண்மையில் கூடுவது இறுதிநிலைச் செலவு. இந்தத் துறையில் எல்லோரும் தொடங்கும் இடம் ராபர்ட் பர்ச்செல், டேவிட் லிஸ்டோகின் இருவரும் 1978இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டுவந்த கையேடு. அதில் ஆறு முறைகள் சொல்லியிருக்கிறார்கள். மூன்று சராசரிச் செலவை வைத்துப் போவன, மூன்று இறுதிநிலைச் செலவை வைத்துப் போவன. ஆலோசகர் எடுத்தது தலாப் பெருக்கி முறை. மலிவானது, நகராட்சி பட்ஜெட்டும் மக்கள்தொகையும் கையில் இருந்தால் சில நாட்களில் முடித்துவிடலாம். பில்டரின் ஆள் எடுத்தது தனிநிலை ஆய்வு முறை. அதற்கு ஒவ்வொரு துறைத் தலைவரிடமும் போய் உட்கார்ந்து, "உங்களிடம் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது, அடுத்த ஆளை எப்போது எடுப்பீர்கள்" என்று கேட்க வேண்டும். முறையாகச் செய்தால் இரண்டாவதுதான் உண்மைக்கு நெருக்கம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் "முறையாக" என்ற அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

அந்த 90 காலி இடங்களையே எடுத்துக்கொள்வோம். அவை யாருடையவை? ஏற்கெனவே அனுமதி வாங்கி இன்னும் கட்டாமல் இருக்கும் திட்டங்கள் ஊரில் எத்தனை? அவற்றிலிருந்து 70 பிள்ளைகள் வருவார்கள் என்றால், இந்த நூறு வீட்டுப் பிள்ளைகளுக்கு மிச்சம் இருப்பது 20 இடங்கள்தான். மீதி 40 பேருக்கு வகுப்பறை கட்ட வேண்டும், ஆசிரியர் எடுக்க வேண்டும். 1,30,000 உபரி அந்த ஒரே வரியில் காணாமல் போகும். பில்டரின் அறிக்கையில் இந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அவர்களிடம் கேட்டது தங்கள் திட்டத்தைப் பற்றி மட்டும், அவர்கள் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

திட்டம் திட்டமாக ஆய்வு செய்வதில் இருக்கும் பெரிய கோளாறு இதுதான். பள்ளி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், தீயணைப்பு நிலையம் இவையெல்லாம் வீட்டுக்கு வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுபவை அல்ல. வருடக்கணக்கில் தாங்கும், திடீரென்று ஒருநாள் தாங்காது. முதல் ஒன்பது பில்டர்களுக்கும் "இடம் இருக்கிறது" என்று அறிக்கை வரும், பத்தாவது ஆள் வரும்போது புதுப் பள்ளியின் மொத்தச் செலவும் அவர் தலையில் விழும். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு வைத்த கதையாகிவிடும். பள்ளி நிரம்பியதற்குப் பத்துப் பேரும் காரணம், ஆனால் கணக்கு கடைசி ஆளை மட்டும் குற்றவாளி ஆக்குகிறது. அதனால்தான் இந்த ஆய்வைத் தனித் திட்டத்துக்குச் செய்வதைவிட ஊரின் மொத்த நிலப் பயன்பாட்டுத் திட்டத்துக்குச் செய்ய வேண்டும் என்று நான் எங்கே போனாலும் சொல்கிறேன். அடுத்த 20 ஆண்டுகளில் 1,500 வீடுகள் வரப்போகின்றன என்றால், அவற்றை வயலோரம் பரப்பினால் எவ்வளவு செலவு, இருக்கும் தெருக்களை ஒட்டி நெருக்கமாகக் கட்டினால் எவ்வளவு, கடைத்தெருவின் மேல்மாடிகளில் வைத்தால் எவ்வளவு என்று மூன்று வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அந்த அளவில் சராசரிச் செலவுக்கும் இறுதிநிலைச் செலவுக்கும் இடைவெளி குறைந்துவிடும், ஏனென்றால் 20 ஆண்டுகளில் காலி இடங்கள் எல்லாம் எப்படியும் நிரம்பிவிடும்.

அடுத்தது, இரண்டு அறிக்கைகளுமே விட்டுவிட்ட ஒன்று. இந்தத் திட்டத்தின் உள்தெருக்களை பில்டரே போட்டு, நகராட்சிக்கு இலவசமாக ஒப்படைக்கிறார். அன்றைக்கு எல்லோருக்கும் சந்தோஷம். இலவசமாக வந்த யானைக்கும் தீனி நாம்தான் போட வேண்டும். அந்தத் தெருவை 25 ஆண்டுகள் கழித்துத் தோண்டிப் புதுப்பிக்க, இன்றைய விலையில் 15 லட்சம் டாலர் ஆகும் என்று உங்கள் பொறியாளர் சொன்னால், ஆண்டுக்கு 60,000 டாலர் ஒதுக்கிவைக்க வேண்டும். ஆய்வுகளில் பெரும்பாலும் கணக்குக் காட்டுவது பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குத்தான். தெரு புதிதாக இருக்கும் காலத்தை மட்டும் பார்த்துவிட்டு லாபம் என்று எழுதுகிறோம். குழாய்களுக்கு ஆயுள் இன்னும் நீளம், அதனால் இன்னும் சுலபமாக மறந்துபோகிறோம். பில்டரின் 1,30,000 உபரியை முழுதாக ஒப்புக்கொண்டாலும், இந்த ஒரு வரியைச் சேர்த்தால் அது 70,000 ஆகிறது.

இதற்கும் இடத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒரு வீட்டுக்கு முன்னால் எத்தனை அடி தெரு, எத்தனை அடி குழாய் என்பதை மனையின் அகலம் தீர்மானிக்கிறது. நூறு அடி அகல மனையில் இருக்கும் வீடும் நாற்பது அடி அகல மனையில் இருக்கும் வீடும் தலாக் கணக்கில் ஒன்றுதான், இரண்டிலும் 2.8 பேர். ஆனால் முதல் வீட்டுக்குப் புதுப்பிக்க வேண்டிய தெரு இரண்டரை மடங்கு. தலாப் பெருக்கி முறைக்கு இது கண்ணிலேயே படாது. நிலப் பயன்பாட்டைத் திட்டமிடப் பயன்படுத்தும் ஒரு கருவிக்கு நிலம் எப்படிப் பயன்படுகிறது என்பதே தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய குறை, யோசித்துப் பாருங்கள்.

இந்தக் குறையைப் பொட்டில் அடித்தாற்போல் காட்டியவர் வட கரோலினாவின் ஆஷ்வில் நகரைச் சேர்ந்த நகரத் திட்டமிடுநர் ஜோ மினிகோஸி. மொத்த வரியைப் பார்க்காதீர்கள், ஏக்கருக்கு எவ்வளவு என்று பாருங்கள் என்றார் அவர். ஆஷ்வில்லில் 34 ஏக்கரில் இருக்கும் வால்மார்ட் ஏக்கருக்குச் சுமார் 6,500 டாலர் சொத்து வரி தந்தது. நகர மையத்தில் ஏக்கரில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தில், கீழே கடைகளும் மேலே வீடுகளுமாகப் புதுப்பிக்கப்பட்ட பழைய கட்டடம் ஏக்கருக்குச் சுமார் 6,34,000 டாலர் தந்தது. இது முழு நிதித் தாக்க ஆய்வு ஆகாது, செலவுப் பக்கம் இதில் இல்லை. ஆனாலும் நகர மன்றக் கூட்டத்தில் இப்படி ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டால், பெரிய கட்டடம் என்றால் பெரிய வரவு என்று நம்பியிருந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சரி, இப்போது என்னை அதிகம் கவலைப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆலோசகரின் கணக்கில் பற்றாக்குறைக்குக் காரணம் யார்? அறுபது பிள்ளைகள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு கூட்டத்தில் யாராவது எழுந்து, "இரண்டு படுக்கையறைக்கு மேல் அனுமதிக்காதீர்கள்" என்றோ, "55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் வீடு என்று மாற்றச் சொல்லுங்கள்" என்றோ சொல்வார். கணக்குப்படி அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். பிள்ளைகள் இல்லாத வீடு, விலை உயர்ந்த வீடு, அலுவலகம், கடை இவையெல்லாம் உபரி காட்டும். குடும்பத்தோடு வருபவர்களுக்கான சின்ன வீடு பற்றாக்குறை காட்டும். அமெரிக்க விளைநில அறக்கட்டளை 1980களிலிருந்து ஊர் ஊராகச் செய்த சமுதாயச் சேவைச் செலவு ஆய்வுகளின் இடைநிலை எண்கள் பிரபலம்: ஒரு டாலர் வரவுக்கு வீடுகள் சுமார் 1.16 டாலர் சேவை வாங்குகின்றன, வணிகமும் தொழிலும் சுமார் 30 சென்ட், விளைநிலமும் திறந்த வெளியும் சுமார் 35 சென்ட். விளைநிலம் வரி குறைவாகக் கொடுத்தாலும் ஊருக்குப் பாரமில்லை என்று காட்ட அந்த ஆய்வுகள் வந்தன. அதில் நியாயம் உண்டு. அதே எண்ணை எடுத்து வீடே வேண்டாம் என்பது தப்பான வாசிப்பு. அந்தத் தொழிலில் வேலை செய்பவரும் கடையில் வாங்குபவரும் ஏதோ ஒரு வீட்டில்தானே இருக்க வேண்டும்?

நியூ ஜெர்சியில் மவுன்ட் லாரல் என்ற ஊர் இந்தப் பாதையில் கடைசி வரை போய்ப் பார்த்தது. அங்கே அனுமதித்த அடுக்குமாடிகளில் பெரும்பாலும் ஒற்றைப் படுக்கையறைதான். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் பள்ளி வயதுப் பிள்ளை யாரும் இருக்கக் கூடாது. ஒரு வீட்டுக்குச் சராசரியாக 0.3 பிள்ளைக்கு மேல் பள்ளிக்கு வந்தால் அந்தக் கல்விச் செலவை பில்டரே கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம்கூட இருந்தது. நிதித் தாக்க ஆய்வின் பெருக்கி எண் ஒன்று அப்படியே ஒப்பந்த வாசகமாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. 1975இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், உள்ளூர் வரியைக் குறைவாக வைத்துக்கொள்வதற்காக எளிய குடும்பங்களை விலக்கி மண்டல விதி (எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்ற விதி) போட முடியாது, வளரும் ஊர் ஒவ்வொன்றும் தன் வட்டாரத்தின் வீட்டுத் தேவையில் நியாயமான பங்கை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஊர்கள் அசையவில்லை என்று கண்டு 1983இல் இன்னும் கடுமையாகச் சொன்னது. நீங்கள் வேறு மாநிலத்தில் இருந்தாலும் அந்த 1975 தீர்ப்பை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். பிள்ளைகளைச் செலவாக மட்டும் பார்க்கும் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பது அதில் பக்கம் பக்கமாக இருக்கிறது.

வரி அமைப்பு எப்படியோ, அதன்படியே நிலமும் வளையும். கலிஃபோர்னியாவில் 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்குள் அடக்கியது; வீடு கைமாறும் வரை அந்த மதிப்பு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் கூட முடியாது. ஆனால் விற்பனை வரியில் ஒரு சதவீதப் புள்ளி, விற்பனை நடந்த ஊருக்கே போகும். விளைவாக, பக்கத்து ஊர்கள் கார் விற்பனை வளாகங்களுக்கும் பெரிய அங்காடிகளுக்கும் போட்டி போட்டன, வீடு கேட்டு வந்தவர்களுக்கு இழுத்தடித்தன. அந்த அங்காடிகள் பற்றிய அறிக்கைகளில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. புதுக் கடையின் விற்பனை முழுவதையும் புதிய வரவாகக் காட்டியிருக்கிறார்களா? ஊரின் பழைய கடைகளில் வாங்கியவர்கள் இங்கே மாறினால் நகராட்சிக்கு ஒரு காசும் கூடவில்லை.

இந்த இடத்தில் இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். பொருளாதாரத் தாக்கம் வேறு, நிதித் தாக்கம் வேறு. "இந்தத் திட்டத்தால் இத்தனை வேலை, இத்தனை கோடி வருமானம்" என்று பில்டரின் அறிக்கையில் ஒரு பக்கம் இருந்தால், அது பொருளாதாரத் தாக்கம். அந்தப் பணம் நகராட்சிக் கஜானாவுக்கு வருவதில்லை. அதோடு, கஜானா யாருடையது என்றும் பாருங்கள். பல மாநிலங்களில் பள்ளிக்குத் தனி மாவட்டம், தனி வரி. உங்கள் ஊரில் அப்படியென்றால் நகராட்சிக் கணக்கையும் பள்ளிக் கணக்கையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள்; ஒன்று உபரியாகவும் மற்றது பற்றாக்குறையாகவும் இருக்கலாம்.

பற்றாக்குறை உண்மையென்றே தெரிந்தால் பில்டரிடம் தாக்கக் கட்டணம் (புதுத் திட்டத்தால் ஊருக்கு ஏற்படும் செலவுக்காக வாங்கும் கட்டணம்) வாங்கலாமே என்று அடுத்து கேட்பீர்கள். மாநிலச் சட்டம் அனுமதித்தால் வாங்கலாம், ஆனால் கட்டுமானச் செலவுக்குத்தான் பொதுவாக அனுமதி. ஆசிரியர் சம்பளத்துக்கு அது உதவாது. ஏற்கெனவே இருக்கும் குறையைப் புது ஆள் பணத்தில் அடைக்கவும் கூடாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987இல் நோலன் வழக்கிலும் 1994இல் டோலன் வழக்கிலும், விதிக்கும் நிபந்தனைக்கும் திட்டத்தின் பாதிப்புக்கும் தொடர்பு வேண்டும், அளவும் ஏறத்தாழப் பொருந்த வேண்டும் என்றது. சட்டமாகவே இயற்றிய கட்டணம் என்றால் இந்தச் சோதனை இல்லை என்று பல நகராட்சிகள் இருந்தன. 2024இல் ஷீட்ஸ் வழக்கில் அந்தக் கதவும் மூடிவிட்டது. கலிஃபோர்னியாவின் எல் டொராடோ கவுண்டியில் தன் நிலத்தில் தொழிற்சாலையிலேயே தயாரித்த ஒரே ஒரு வீட்டை வைக்க 23,420 டாலர் போக்குவரத்துக் கட்டணம் கட்டியவர் தொடுத்த வழக்கு அது. ஆகவே உங்கள் ஆய்வு நாளைக்கு நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்க வேண்டி வரலாம். தலாப் பெருக்கி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே நிற்பது கஷ்டம்.

இனி உங்கள் வாக்குக்கு வருவோம். இந்த இரண்டு அறிக்கைகளில் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். விசாரணையை ஒரு கூட்டம் தள்ளிவைத்து, இரண்டு தரப்பையும் ஒரே கணக்குத்தாளில் வேலை செய்யச் சொல்லுங்கள். அனுமதி வாங்கிக் கட்டாத வீடுகளின் பிள்ளைகளைக் கழித்தபின் எத்தனை பள்ளி இடங்கள் மிஞ்சும், தெருவும் குழாயும் புதுப்பிக்கும் செலவு எந்த ஆண்டில் எவ்வளவு, வரவு எந்த ஆண்டு முதல் வரத் தொடங்கும் என்று ஆண்டுவாரியாகக் காட்டட்டும். சொத்து மதிப்பீடு முடிந்து வரி கைக்கு வருவதற்குள் பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிடுவார்கள். அந்த இடைவெளியே சின்ன ஊருக்குப் பெரிய நெருக்கடி. மனையின் அகலத்தைக் குறைத்து அதே நூறு வீடுகளைப் பாதி நீளத் தெருவில் வைத்தால் என்ன ஆகும் என்று மாற்று வரைபடம் ஒன்றும் கேளுங்கள். எனக்கு இருக்கும் அனுபவத்தில், அனுமதி மறுப்பதைவிட இந்தக் கேள்வியால் நகராட்சிக்குக் கிடைக்கும் பலன் அதிகம்.

அப்புறம் அந்த 60 பிள்ளைகள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கட்டாயம் கேளுங்கள். ஆலோசகரின் கணக்கையே எடுத்து, மற்ற எதையும் தொடாமல், பிள்ளைகள் எண்ணிக்கையை மட்டும் 42 ஆக்கிப் பாருங்கள். பள்ளிச் செலவு 2,10,000, மற்றது 1,68,000, மொத்தம் 3,78,000. அதே சராசரி முறையில் 2,000 டாலர் உபரி வந்துவிடுகிறது. 88,000 டாலர் நஷ்டம் என்ற தலைப்புச் செய்தி முழுவதும் வீட்டுக்கு 0.6 பிள்ளை என்ற ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. வழக்கமாக அந்த எண்ணை மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாநில அளவிலான அட்டவணையிலிருந்து எடுப்பார்கள். நான் ஒருமுறை பள்ளி அலுவலகத்தில் கேட்டு, எட்டு ஆண்டுகளுக்கு முன் கட்டிய ஒரு குடியிருப்பில் எந்தத் தெருவிலிருந்து எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்று பெயர் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் வாங்கினேன். ஒரு மதியவேளை போதுமானதாக இருந்தது. அறிக்கையில் போட்டிருந்ததைவிடக் குறைவாகத்தான் இருந்தது. உங்கள் ஊரில் கூடுதலாகவும் இருக்கலாம். கடந்த பத்து ஆண்டுகளில் அங்கே இதே மாதிரி கட்டிய தெருக்கள் இரண்டு மூன்றாவது இருக்கும். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் அந்தத் தெருக்களின் எண்ணிக்கையைப் பள்ளியிலிருந்து வாங்கிவிடுங்கள்.